கம்ப்யூட்டருக்குப் போட்ட நாமம்

தன் மேல் வந்த குற்றச்சாட்டைத் தானே டைப் அடித்துக் கொடுக்கிற கொடுமை இந்த உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறதோ தெரியாது. மண்ணூர் லூர்தம்மாளுக்கு வாய்த்தது. அதுவும் மூன்று காப்பி, நடுவில் இரண்டு கார்பன் தாள் வைத்து.

மேனேஜர் தசரதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குள் நடந்தபடியே சொல்லச் சொல்ல, அவள் பழைய டைப்ரைட்டரில் அடித்துக்கொண்டே வந்தாள். பூஜை செய்து வைத்திருந்த கம்பெனியின் விலையுயர்ந்த இயந்திரத்தை ஈரத்துணியால் துடைத்து, அதை எரிய விட்டதற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று இங்கிலீஷில் முழ நீளத்துக்கு ஒரு வாக்கியம். பெயர் வரும் இடத்தில் நின்றார்.

"லூர்தம்மாளுக்கு என்னம்மா ஸ்பெல்லிங்?"

பதினோரு மாதமாக அவள் கையெழுத்துப் போட்ட காகிதங்களைத் தினம் வாங்கிப் பார்க்கிற மனுஷர் கேட்கிற கேள்வி அது. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பிறகு, "சார், நான் ஈரத்துணியால துடைக்கல" என்றாள்.

"அத பதில்ல எழுதிக் குடும்மா. இப்ப சொல்றத அடி."

அடித்தாள். ஒரு தப்பு விழவில்லை. இவ்வளவு ஆத்திரத்திலும் அந்தப் பாழாய்ப்போன விரல்களுக்குத் தப்பாக அடிக்கத் தெரியவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி பிறந்திருந்த நேரம். பெங்களூர் ரோட்டிலிருந்து மண்ணூர் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் வந்தால், லாரிக்கு ஸ்பிரிங் பட்டை செய்கிற அந்தக் கம்பெனி. ஷெட்டில் நூறு பேருக்கு மேல். ஆபீசில் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆபீசுக்குப் போன வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லாத சாமான் என்பதால் அதற்குத் தனி அறை, ஜன்னலுக்குத் திரை, குளிரூட்டும் மெஷின், தரையில் சிவப்பு விரிப்பு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷெட்டில் ஆள் வெந்துகொண்டிருக்க, அந்தப் பெட்டிக்கு மட்டும் சித்திரை மாதத்திலும் மார்கழி.

அதை ஓட்டத் தெரிந்தவள் லூர்தம்மாள் ஒருத்திதான். ஆறு மாதம் மெட்ராசுக்குப் பஸ்ஸில் போய் வந்து படித்திருந்தாள். டெஸ்பாட்ச் லிஸ்ட், ஷிப்டு லிஸ்ட், ஓ.டி. கணக்கு எல்லாம் அவள் கையால்தான் வெளியே வரும். முதல் பன்னிரண்டு மாதம் தற்காலிகம், அதற்குப் பிறகு பர்மனன்ட் என்று பேச்சு. வருகிற ஒன்றாம் தேதி பன்னிரண்டு மாதம் முடிகிறது. ஃபைலில் ஒரு மெமோ இருந்தால் பர்மனன்ட் கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மெமோவின் ஒரு காப்பி மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்குப் போய்விட்டால் பிறகு ஆண்டவனே வந்தாலும் அதை ஃபைலிலிருந்து எடுக்க முடியாது. அப்பன் செங்கல் சூளையில் கல் சுமந்து படிக்க வைத்த பெண். பத்து நாளில் பர்மனன்ட் ஆகப் போகிறவள் கையில்தான் தசரதன் அந்த மெமோவை அடிக்கக் கொடுத்தார்.

நடந்தது என்ன என்று பார்ப்போம். புதன்கிழமை ஆயுத பூஜை. அந்தக் கம்பெனியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எந்த மெஷினை யார் ஓட்டுகிறாரோ அவரே அதைத் துடைத்து, அவரே பொட்டு வைப்பார். லேத்துக்கு லேத்துக்காரர், பிரஸ்ஸுக்குப் பிரஸ்காரர், லாரிக்கு டிரைவர். எலக்ட்ரீசியன் முனிரத்தினம் தன் டெஸ்டருக்குக்கூடக் கடுகளவு சந்தனம் தொட்டு வைப்பான். லேத்தில் ஒரு அந்தோணி இருந்தார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். வருஷா வருஷம் அவர் லேத்துக்கு அவரேதான் பொட்டு வைத்தார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்தக் கணக்கில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்க வேண்டியவள் லூர்தம்மாள். அவளும் ஆசையாகத்தான் வந்தாள். தலைக்குக் குளித்து, புதுப் புடவை கட்டி, பெருக்குகிற கனகம் குழைத்துக் கொடுத்த சந்தனக் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். தசரதன் வந்து அந்தக் கிண்ணத்தை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் சண்டையாவது போடலாம். குழந்தை கையிலிருந்து கத்தியை எடுப்பதுபோல மெதுவாக எடுத்தார்.

"நீ தள்ளி நில்லும்மா. சர்ச்சுக்குப் போற பொண்ணு, உனக்கு எதுக்கு இதெல்லாம். பூஜைன்னா சுத்தம் முக்கியம்."

சர்ச் என்றது சும்மா பேச்சுக்கு. அந்தோணியும் அதே சர்ச்சுக்குத்தான் போகிறார், ஆனால் அவர் வீடு ஊருக்குள் இருக்கிறது. லூர்தம்மாளின் வீடு காலனியில் இருக்கிறது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது, அவளுக்கும் புரிந்தது. முகம் சுருங்கி, வாசல் நிலையை ஒட்டி நின்றுகொண்டாள்.

தசரதன் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். பொட்டு வைக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது, நாமம்தான். சந்தனத்தைக் கட்டைவிரலில் வழித்து, கீழே அழுத்தி, மேல் நோக்கி ஒரே இழுப்பு. நடுவில் குங்குமத்தால் ஒரு மெல்லிய கோடு. ஆபீசில் இருந்த இரும்பு அலமாரி, டைப்ரைட்டர், சைக்ளோஸ்டைல் மெஷின், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றுக்கும் அவரே போட்டார். ஷெட்டில் இருந்ததெல்லாம் வட்டப் பொட்டு, ஆபீசில் இருந்ததெல்லாம் மேனேஜர் நாமம். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒன்று, திரைக்கு மேலே ஒன்று, கீபோர்டில் ஒன்று போட்டுவிட்டு, தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கனகத்தைக் கூட்டிக்கொண்டு பெட்டியின் பின்பக்கம் போனார்.

"திருஷ்டி பின்னாலருந்துதான் படும். இதோ, செவப்பா லட்சணமா ஒரு எடம் இருக்கே. இங்க போடலாம்."

வாசலில் நின்ற லூர்தம்மாளுக்கு அவர் தலைமுடி மட்டும் தெரிந்தது. அவர் சொன்னது காதில் விழுந்தது. அப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழன் விஜயதசமி லீவு. வெள்ளிக்கிழமை காலை வந்தாள். திரைக்கு மேலே போட்டிருந்த சாமந்திச் சரம் சரிந்து, காற்றுப் போகிற துளைகளை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து மரியாதையாக ஒரு காகிதத்தில் வைத்து டிராயருக்குள் வைத்தாள். தினமும் செய்வதுபோல மஞ்சள் துணியால், நன்றாகக் காய்ந்த மஞ்சள் துணியால், திரைக் கண்ணாடியையும் கீபோர்டையும் தட்டினாள். நாமத்தின் மேல் விரல்கூடப் படாமல் பார்த்துக்கொண்டாள். ஸ்டெபிலைசரைப் போட்டாள். கம்ப்யூட்டர் சுவிட்சைத் தட்டினாள்.

டப்பென்று ஒரு சத்தம். பெட்டியின் பின்னாலிருந்து வெள்ளையாகப் புகை. மீனைத் தீய விட்டதுபோல நாற்றம். அறை விளக்கும் கூடவே அணைந்தது.

முனிரத்தினம் ஓடி வந்தான். போன ஃபியூசைப் போட்டு, ஒரு குண்டு பல்பைச் செருகிப் பார்த்தான், ஸ்டெபிலைசரில் முள்ளைப் பார்த்தான். "லைன்ல ஒண்ணும் கோளாறு இல்ல. ஸ்டெபிலைசரும் நல்லாத்தான் கீது. உள்ள இன்னாமோ போயிகிது லூர்து. நாம கை வெக்க வேணாம், மெட்ராஸ்லருந்து ஆள் வரட்டும்."

தசரதன் அதற்குப் பிறகு வந்தார். புகை சூழ்ந்த அறைக்குள்ளும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் வந்தார். அவர் கண் முதலில் போனது பூச்சரம் இல்லாத திரைக்கு.

"பூ எங்க?"

"துளைய அடச்சிகினு இருந்திச்சி சார். டிராயர்ல வச்சிருக்கேன்."

"பூவ எடுத்தது யாரு? நீயா?"

"ஆமா சார்."

வாசலில் நின்ற கனகத்தைத் திரும்பிப் பார்த்தார். கனகத்துக்கு என்ன சொல்வது என்று புரியவில்லை. "ஆமா சார், அதுதான் பூவ எடுத்துச்சி. துணி வச்சிகினு இருந்துச்சி" என்றாள். கண்டதைத்தான் சொன்னாள். ஆனால் தசரதனுக்கு அது போதும். பூவை எடுத்தவள் சந்தனத்தையும் துடைத்திருப்பாள், காய்ந்த சந்தனத்தைத் துடைக்க ஈரத்துணி வேண்டும், ஈரம் உள்ளே இறங்கினால் மெஷின் வெடிக்கும். நம்பிக்கை இல்லாதவள் கை பட்டால் இப்படித்தான் ஆகும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. முன்னால் இருந்த மூன்று நாமமும் அழியாமல் அப்படியே இருக்கிறதே என்று ஒரு தரம் குனிந்து பார்த்திருந்தால் போதும். குற்றவாளி கிடைத்துவிட்ட பிறகு குனிந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? சாயங்காலத்துக்குள் மெமோ தயாராகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் பதில் எழுதினாள். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள். தசரதன் அதைப் படிக்காமலே ஃபைலில் செருகினார்.

அன்று பதினொரு மணிக்கு மெட்ராசிலிருந்து சர்வீஸ்காரர் கோபால் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ரெக்சின் பை, கையில் அட்டைப்பெட்டி. முப்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றச் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாமல் கழற்றினார். தசரதன் ஒரு பெரிய கவரை அவரிடம் நீட்டினார்.

"போகும்போது எங்க ஹெட் ஆபீஸ்ல இத குடுத்துடுங்க. மவுண்ட் ரோடுதான். தபாலுக்கு முன்னால போயிடும்."

கோபால் அதை வாங்கி ரெக்சின் பையின் மேலேயே வைத்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று லூர்தம்மாளுக்குத் தெரியும். அடித்தவளே அவள்தானே. இந்த ஆள் வேலையை முடித்துப் பையைத் தோளில் மாட்டுகிற வரைக்கும்தான் தனக்கு நேரம் என்று நினைத்துக்கொண்டாள்.

"யாரு மேடம் இத ஓட்டறது?"

அந்த ஆபீசில் அவளை யாரும் மேடம் என்று சொன்னதில்லை. "நான்தான்" என்றாள்.

"அப்ப நீங்களே டார்ச் புடிங்க. இன்னா ஆச்சி சொல்லுங்க."

சுவிட்ச் போட்டதும் சத்தம், புகை, விளக்கு அணைந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கோபால் மீட்டரை எடுத்து ஸ்டெபிலைசரில் வைத்தார். இருநூற்று முப்பது, சரியாக இருந்தது. ஒயரை மாற்றிப் பார்த்தார். பெட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒரு மூலையில் காற்றாடி வைத்த தகரப் பெட்டி ஒன்று இருந்தது. "இதான் பவர் சப்ளை. வெளியிலருந்து வர்ற கரண்ட்ட கொறச்சி உள்ள எல்லாத்துக்கும் பிரிச்சிக் குடுக்கறது இதான்" என்றார். அதிலிருந்து போகிற ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால், ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு வர வேண்டிய இடத்திலும் ஒன்றும் வரவில்லை.

"மத்ததெல்லாம் தப்பிச்சிருக்கும்னு நெனக்கிறேன். செத்தது இது மட்டும்தான்."

தசரதன் வாசலிலிருந்தே கேட்டார். "தண்ணி எறங்கியிருக்கா பாருங்க."

"தண்ணியா? தண்ணி பட்ட மாதிரி தெரியலயே சார்."

நாலு திருகாணிகளைக் கழற்றி, கோபால் அந்தத் தகரப் பெட்டியை மெதுவாக வெளியே எடுத்தார். வெளிச்சத்துக்காகப் பின்பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். ஒயர் செருகுகிற துளைக்குப் பக்கத்தில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பள்ளம். அதற்குள் மேலும் கீழும் நகர்கிற சிவப்புக் கட்டை. அதன் மேல் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது.

கோபால் டார்ச்சைக் கிட்டத்தில் கொண்டுவரச் சொல்லிக் குனிந்து பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"அதானே பாத்தேன். வெளிநாட்டுல பல ஊர்ல நூத்திப் பதினஞ்சு வோல்ட்டுதான் சார். நம்ம ஊர்ல இருநூத்தி முப்பது. ரெண்டு எடத்துக்கும் ஆவட்டும்னு இந்த செவப்பு சுவிட்ச வக்கிறாங்க. நாங்க மாட்டும்போது கீழ தள்ளி இருநூத்தி முப்பதுல வச்சிட்டுப் போனோம். இப்ப மேல ஏறி நூத்திப் பதினஞ்சுல நிக்கிது. அதுல நம்ம ஊரு கரண்ட்ட உட்டா தாங்குமா? போட்டதும் வெடிச்சிருக்கும். யாரோ நகத்தியிருக்காங்க."

தசரதன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"பாத்தியாம்மா? துடைக்கும்போது நகத்தியிருக்க. தண்ணியோ துணியோ, மொத்தத்துல உன் கைதான். தெரிஞ்சே பண்ணேன்னு நான் சொல்லல, கவனம் இல்லன்னுதான் சொல்றேன். மெமோவுல அந்த ஒரு வரிய மட்டும் மாத்தி அடிச்சிக் குடு, கோபால் கையிலயே போகட்டும்."

மாத்தி அடிச்சிக் குடு. ஈரத்துணி என்று சொன்னவர், ஈரம் இல்லை என்றானதும் வெட்கமே இல்லாமல் அடுத்ததைப் பிடிக்கிறார். காரணம் எதுவாக இருந்தாலும் சரி, ஆள் மட்டும் மாறாது.

கோபால் பையிலிருந்து கழிவுத்துணி ஒன்றை எடுத்து, அந்தச் சந்தனத்தைத் துடைக்கப் போனார்.

"தொடாதீங்க" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கோபாலின் மணிக்கட்டைப் பிடித்தே விட்டாள். "தொடைக்காதீங்க. அப்படியே வைங்க."

டார்ச்சைப் பெட்டிக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு டார்ச்சை அணைக்காமலே திரும்பினாள்.

"சார், இங்க வாங்க. கிட்ட வந்து பாருங்க."

அந்த ஆபீசில் மேனேஜரைக் கிட்டே வரச் சொன்னவர்கள் யாரும் இல்லை. எதற்கு வந்தோம் என்று தெரியாமலே தசரதன் வந்தார். கோபாலுக்கு ஒயர் எடுத்து வந்த முனிரத்தினமும் எட்டிப் பார்த்தான். வாசலில் துடைப்பத்தோடு கனகம்.

"இது பொட்டா, நாமமா சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"நாமம். கீழ அழுத்தி ஆரம்பிச்சிகிது, மேல மெல்லிசா போயிகிது. நடுவுல குங்குமம். அதோ அலமாரியில கீது, கடிகாரத்துல கீது, எல்லாம் இதே கோடு. இந்தக் கம்பெனியில நாமம் போடறது ஒரே ஒருத்தர்தான்."

"போட்டேன். அதுல என்ன? அதுக்கப்புறம் நீ நகத்தியிருப்ப."

"அதுக்கப்புறம் நகந்திருந்தா சந்தனம் ரெண்டா ஒடஞ்சிருக்கணும் சார். கட்டை ஒரு பக்கமும் தகடு ஒரு பக்கமும் போயிருக்கும். கோடு எங்கயாவது விட்டுருக்கா பாருங்க. தகட்டுல தொடங்கி, கட்டை மேல ஏறி, மறுபடி தகட்டுல வந்து முடியுது. இடுக்கெல்லாம் அடச்சிக் காஞ்சி கீது. ஒரு கீறல் இல்ல. காஞ்சதுக்கு அப்புறம் இத யாருமே தொடல. நகந்தது சந்தனம் ஈரமா இருந்தப்ப. நீங்க கட்டைவெரல வச்சி அழுத்தி மேல இழுத்தீங்க பாருங்க, அப்ப."

கோபால் பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம் சொல்றது கரெக்ட்" என்றார் சுருக்கமாக. "காஞ்ச பிறகு நகத்தியிருந்தா உதுந்திருக்கும்."

"செவப்பா லட்சணமா ஒரு எடம் இருக்குன்னு சொன்னீங்க சார். நான் வாசல்ல நின்னு கேட்டேன். ஏன் வாசல்ல நின்னேன்? தள்ளி நில்லுன்னு சொன்னீங்க. என் மெஷினுக்கு என்னயே பொட்டு வைக்க உட்டிருந்தா நான் அந்த எடத்துல வச்சிருக்கவே மாட்டேன். அது இன்னா சுவிட்சுன்னு எனக்குத் தெரியும். மாட்ட வந்தவங்க மொத நாளே சொல்லிக் குடுத்தாங்க."

மூச்சு வாங்க நிறுத்தினாள். தசரதனின் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போய்த் திரும்பி வந்தது. கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பெட்டியின் மேல் அவருக்குப் பக்தியே இருந்தது. பக்தி இருந்த அளவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்தவளிடம் கேட்கவும் மனசு வரவில்லை. அதுதான் அவருடைய கோளாறு.

பேசியது கனகம்தான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். "நான்தான் சார் தட்டு புடிச்சிகினு நின்னேன். நீங்க போடும்போது டிக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சி. சாமி காரியம், இன்னா கேக்கறதுன்னு உட்டுட்டேன். அன்னிக்கே சொல்லாதது என் தப்புதான்." பிறகு கவரைப் பார்த்தாள். "மெஷினுக்குப் போட்ட நாமத்த அந்தப் பொண்ணுக்கும் போடப் பாத்தீங்களே சார்."

முனிரத்தினம் சிரிப்பை அடக்க இருமினான். கோபால் குனிந்து அட்டைப்பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினார்.

புதிய பவர் சப்ளையை அவர் நேராக மாட்டிவிடவில்லை. முதலில் சிவப்புச் சுவிட்சைக் கீழே தள்ளி, அதன் மேல் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டினார். தான் கொண்டுவந்திருந்த பழைய ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை மட்டும் அதில் செருகி மீட்டரில் ஐந்தும் பன்னிரண்டும் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. பிறகுதான் பெட்டிக்குள் வைத்துத் திருகினார். போர்டுக்குப் போகிற இரண்டு செருகியை அவளிடம் காட்டினார். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும் மேடம். மாத்திப் போட்டா போர்டே போயிடும். கறுப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் நடுவுல பக்கத்துப் பக்கத்துல வரணும். அத மட்டும் மறக்காதீங்க." அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

தசரதன் இதற்குள் ரெக்சின் பையின் மேலிருந்த கவரை எடுத்திருந்தார். "சரி. நடந்தது நடந்து போச்சி. இத கிழிச்சிப் போட்டுடும்மா" என்று நீட்டினார்.

"கிழிக்கக் கூடாது சார். மெமோ நம்பர் ரிஜிஸ்டர்ல ஏறிப்போச்சி. நாளைக்கு ஹெட் ஆபீஸ் ஆளு வந்து நம்பரப் பாத்து எங்கன்னு கேப்பாங்க. ரத்துன்னு ஒரு லெட்டர் வேணும். உங்க கையெழுத்தோட. அத இதோட சேத்துக் குடுத்தனுப்புங்க."

"இப்பவேவா?"

"அவரு பையத் தூக்கறதுக்குள்ள."

கோபால் எழுந்து சுவிட்சைக் கை காட்டினார். "போடுங்க மேடம்."

லூர்தம்மாள் தசரதனைப் பார்த்தாள். அவர் இரண்டு அடி பின்னால் போய் வாசல் நிலையை ஒட்டி நின்றார். புதன்கிழமை அவள் நின்ற அதே இடம். அவருக்கு அது தோன்றியதோ இல்லையோ, அவளுக்குத் தோன்றியது. சுவிட்சைத் தட்டினாள். காற்றாடி சுழன்றது. பீப் என்று ஒரு சத்தம். திரையில் பச்சை எழுத்துகள் ஓடி வந்து நின்றன. ஷிப்டு லிஸ்ட், டெஸ்பாட்ச் லிஸ்ட் எல்லாம் பத்திரமாக இருந்தன.

"சொல்லுங்க சார். அடிக்கிறேன்."

தசரதன் தொண்டையைச் செருமினார். இன்ன நம்பர் மெமோ, தொழில்நுட்பக் காரணங்களால் வாபஸ் பெறப்படுகிறது என்று இங்கிலீஷில் சொன்னார். அவள் பாதி வரை அடித்துவிட்டு விரல்களை நிறுத்தினாள்.

"எந்தத் தொழில்நுட்பக் காரணம் சார்?"

"அதெல்லாம் விவரமா எதுக்கும்மா."

"என் மேல போட்டது விவரமா இருந்திச்சி சார். ஈரத்துணி வரைக்கும்."

கோபால் கழற்றிய திருகாணிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் தசரதன் சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். ஆயுத பூஜையன்று கீழே கையொப்பமிட்டிருப்பவர் சந்தனம் இட்டபோது, வோல்டேஜ் சுவிட்ச் அவர் கை பட்டு நகர்ந்துவிட்டது. இதில் ஆபரேட்டர் லூர்தம்மாளுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயர் வந்த இடத்தில் இந்த முறை ஸ்பெல்லிங் கேட்கவில்லை.

பிரிண்டர் கரகரவென்று மூன்று காப்பி அடித்துத் தள்ளியது. தசரதன் மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்று ஃபைலுக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று மெமோவோடு அதே கவருக்குள். அடையாளம் கெடாமல் பழைய பவர் சப்ளையைச் செய்தித்தாளில் சுற்றிக் கோபால் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, "வர்றேன் மேடம்" என்றார். முனிரத்தினமும் கனகமும் அவர் பின்னாலேயே வெளியே போனார்கள்.

அறையில் இரண்டு பேர்தான். தசரதனுக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று இருந்தது, போகவும் முடியவில்லை.

"ஒண்ணாம் தேதி ஆர்டர் வந்துடும். நான் எழுதிடறேன். இப்ப திருப்திதானேம்மா?"

"இல்ல சார்."

"இன்னும் என்ன?"

"இது சுவிட்ச் நகந்ததுக்கு லெட்டர். புதன்கிழமை என் கையிலருந்து கிண்ணத்த வாங்கிகினு, தள்ளி நில்லுன்னு சொன்னீங்களே. சுத்தம் முக்கியம்னு சொன்னீங்களே. அதுக்கு நான் இன்னா லெட்டர் அடிக்கிறது சார்? சொல்லுங்க, அடிக்கிறேன்."

சுவரில் கடிகாரம் அவர் போட்ட நாமத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. லூர்தம்மாள் திரையில் ஒரு புதுப் பக்கம் திறந்து, அன்றைய தேதியை அடித்தாள். பிறகு பத்து விரல்களையும் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு, ஷிப்டு முடிகிற சங்கு ஊதும் வரைக்கும் அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.